பல்லாரி வக்கீல்களும் தமிழ் நாடகமும்

திருநெல்வேலிச் சீமையிலே பெரிய வெங்காயத்திற்குப் 'பல்லாரி' என்று பெயர். கடைத்தெருவில் நின்று பல்லாரி என்ன விலை என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் அது ஓர் ஊரின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அரசியல் வரலாறு அறிந்தவர்களுக்கோ அவ்வூர் என்றால் சிறைச்சாலையே நினைவுக்கு வரும். உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காமராசரும், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது பெரியாரும் அவ்வூர்ச் சிறைகளில் நாள் கழித்தவர்கள். வெங்காயமும் சிறையும் தந்த ஊரிலிருந்து நமக்கு மூன்றாவதாக ஒன்று வந்தது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம். அது நாடகம்.

நம் போன்ற சங்கங்களின் ஆண்டு விழாவில் நாடகம் ஒன்று தவறாமல் இடம்பெறுகிறது. பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவர் இரவில் அரசராகிறார். வங்கியில் பணம் எண்ணியவர் வில்லனாகிறார். ஊதியம் கிடையாது, கைப்பணம் செலவாவதுதான் மிச்சம். இவ்வாறு தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தால் நடிக்கும் வழக்கத்தை நாம் 'அமெச்சூர் நாடகம்' என்கிறோம். இது தமிழ்நாட்டில் என்று தொடங்கிற்று என்று கேட்டால், 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாஸ சபையை நிறுவியதைச் சொல்லுவார்கள். சரியான விடைதான். ஆனால் முதலியாரவர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்ற கேள்விக்கு விடை, சென்னையிலிருந்து முந்நூறு மைலுக்கு அப்பால், குந்தக்கல் சந்திப்பைத் தாண்டி, பாறைக் குன்றின் அடிவாரத்தில் கிடக்கிறது.

பல்லாரி அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். 1800-ல் ஐதராபாத் நிஜாம் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதியின் தலைமையிடங்களில் ஒன்று. தாமஸ் மன்றோ கலெக்டராக இருந்து ரயத்துவாரி முறைக்கு உருக்கொடுத்த நாடு. குன்றின்மேல் கோட்டை, கீழே இராணுவப் பாளையம், அதையடுத்துப் பருத்தி வணிகர்களின் பேட்டை, கோர்ட்டு, கச்சேரி. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியும் மக்கள்தொகை 60,000-ஐ எட்டவில்லை. வீதியில் கன்னடம், கச்சேரியில் தெலுங்கும் ஆங்கிலமும், பாளையத்தில் உருது. ஒரே மனிதர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பேசுவதை அங்கே யாரும் புதுமையாகக் கருதியதில்லை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் பல்லாரி மாவட்டத்தையே மிகக் கடுமையாகத் தாக்கியவற்றுள் ஒன்றாகக் கொண்டது. ஊர் ஊராக மக்கள் மடிந்தனர். அந்தத் துயரம் கழிந்து பத்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் அவ்வூரில் நாடக சபை ஒன்று எழுந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிடுவோரும் உண்டு. சபையார் வயிறு நிறைந்தவர்களே என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், மடிந்தவர்களின் நினைவு நீங்காத ஓர் ஊர் முதன்முதலாகத் தன் மேடையில் சோகத்தில் முடியும் நாடகத்தை விரும்பிப் பார்த்தது தற்செயல்தானா என்பது சிந்தனைக்குரியது.

அந்தச் சபையின் பெயர் சரச விநோதினி சபை. நிறுவிய ஆண்டு 1886. நிறுவியவர் தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சாரியார். 1853-ல் பிறந்த இவர் பல்லாரியில் வக்கீல். வடமொழிப் புலமையும் ஆங்கிலப் பயிற்சியும் ஒருங்கே பெற்றவர், தெலுங்கில் ஏறத்தாழ முப்பது நாடகங்கள் எழுதினார், கன்னடத்திலும் எழுதியதுண்டு. நளன் கதையைத் தழுவிய 'சித்ர நளீயம்' 1887-ல் மேடையேறிற்று. ஆந்திர நாட்டார் இவருக்கு 'ஆந்திர நாடக பிதாமகர்' என்ற பட்டம் சூட்டி இன்றளவும் அப்பெயராலேயே வழங்குகின்றனர்.

இவருக்கு முன்னால் தெலுங்கில் நாடகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1860-லேயே கோராட ராமசந்திர சாஸ்திரி 'மஞ்சரீ மதுகரீயம்' எழுதியிருந்தார். 1880-ல் தார்வாரிலிருந்து வந்த நாடகக் குழுவினரின் ஆட்டத்தைக் கண்டு, இராஜமகேந்திரவரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் தம் மாணவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினார். மகாராஷ்டிரத்துக் குழுக்களும் பார்சிக் குழுக்களும் திரைச்சீலைகளையும் பாட்டுகளையும் ரயில் பாதை வழியே தெற்கே கொண்டுவந்த காலம் அது. தஞ்சையிலே கோவிந்தசாமி ராவ் என்பவர் மனமோகன நாடக கம்பெனியை அமைத்ததும் அந்த மராட்டிய அலையின் விளைவே. பல்லாரி இந்த அலைகள் யாவும் வந்து மோதிய கரை. ஆனால் வந்ததை வாங்கிக்கொண்டதோடு கிருஷ்ணமாச்சாரியார் நின்றுவிடவில்லை.

அவர் செய்த மாற்றங்களுள் தலையாயது 'விஷாத சாரங்கதரா' என்னும் நாடகம். சாரங்கதரன் கதை நம்மவர்க்கும் பழக்கமானதே. மாற்றாந்தாயின் தகாத ஆசைக்கு இணங்க மறுத்த அரசகுமாரன்மீது பழி சுமத்தப்படுகிறது. தந்தை ஆராயாது அவன் கைகால்களைத் துண்டிக்கும்படி ஆணையிடுகிறார். வழக்கமான கதையில் சித்தர் ஒருவர் வந்து இழந்த உறுப்புகளை மீட்டுக் கொடுத்துவிடுவார். பார்ப்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புவார்கள். வடமொழி நாடக இலக்கணமும் மங்கல முடிவையே வேண்டுகிறது. கிருஷ்ணமாச்சாரியாரோ சோகத்தைச் சோகமாகவே நிறுத்தினார். தெலுங்கில் துன்பியல் நாடகம் இதனோடு தொடங்குகிறது என்பர். தவறான தீர்ப்பு ஒன்று கொடுக்கப்பட்டு, நிறைவேற்றவும் பட்ட பிறகு, அதை மாற்றிவிடச் சித்தர் எவரும் வரமாட்டார் என்பதை நாள்தோறும் கோர்ட்டில் கண்ட வக்கீல் எழுதிய நாடகம் இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பல்லாரி நாடகத்தில் வக்கீல்களுக்கு இத்தனை இடம் ஏன் என்று வியப்போர் உண்டு. காரணம் எளிது. கல்லூரியில் ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படித்தவர்கள் அவர்கள். குரலைத் தூக்கிப் பேசுவது அவர்களுடைய தொழில். கோர்ட்டுக்கு நீண்ட கோடை விடுமுறை உண்டு. ஒத்திகைக்கு அதைவிட வசதி வேறில்லை. மேலும் ஒலிபெருக்கி இல்லாத காலம்! மேடையில் நிற்பவன் மார்பிலிருந்து எழும் குரல் ஒன்றே கடைசிப் பலகையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கு எட்டியாக வேண்டும். எண்ணெய் விளக்குகளின் மங்கிய ஒளியிலே முகபாவம் பாதி தெரியாது. மீதியைக் குரல்தான் காட்ட வேண்டும். ஜூரிகளின் மனத்தைத் திருப்பப் பழகிய நாவுக்கு இது கைவந்த கலை.

இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு பெருமைக்குரியதன்று. அக்காலத்துச் சமூகம் நடிகனைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்தது. ஊர் ஊராகத் திரிந்து பிழைத்த தொழில்முறைக் கலைஞனுக்குத் திண்ணையில்கூட இடம் கிடைப்பது அரிது. வக்கீலுக்கோ வேறு வருவாய் இருந்தது. நடிப்பினால் அவருடைய மதிப்புக் குறையவில்லை. மாறாக, அவருடைய மதிப்பு நடிப்புக்குக் கௌரவம் தந்தது. இந்தக் கௌரவம் பிறகு தமிழ்நாட்டிலும் வேலை செய்தது. நன்மையாகவும், ஓரளவு தீமையாகவும்.

ஓர் ஊரில் ஒரு சபை இருந்தால் இன்னொன்று பிறக்காமல் இராது. இது சங்கம் நடத்தும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பல்லாரியிலும் சுமனோரமா சபை என்று மற்றொன்று எழுந்தது. அதன் உயிர்நாடி கோலாசலம் ஸ்ரீநிவாச ராவ். இவரும் வக்கீல், கிருஷ்ணமாச்சாரியாருக்கு ஒரே ஆண்டு இளையவர், ஹம்பியையடுத்த கமலாபுரத்தில் பிறந்தவர். பிறந்த மண்ணின் இடிபாடுகளே இவரை எழுதத் தூண்டியிருக்க வேண்டும். கிருஷ்ணமாச்சாரியார் புராணக் கதைகளையும் பாட்டுகளையும் பெரிதும் நம்பினார். ஸ்ரீநிவாச ராவ் வரலாற்றை நம்பினார். விஜயநகரத்தின் வீழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட 'ராமராஜு சரித்திரம்' இவருடைய நாடகங்களுள் புகழ் மிக்கது. உலக நாடுகளின் நாடக வரலாற்றை ஆங்கிலத்தில் தனி நூலாகவும் எழுதினார். பல்லாரி போன்ற ஓர் ஊரில், பெரிய நூலகங்களுக்கு எட்டாத தொலைவில் உட்கார்ந்துகொண்டு, கட்சிக்காரர்களுக்கு நடுவே ஒருவர் உலக நாடக வரலாறு எழுதினார் என்பதை நினைக்கும்போது, வசதிக் குறைவு பற்றி நாம் சொல்லும் சமாதானங்கள் சற்றே வாயடைத்துப் போகின்றன.

இனிச் சென்னைக்கு வருவோம்.

1891-ல் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து, பார்க் டவுனில் அப்போதுதான் புதிதாக எழுந்திருந்த விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகங்கள் நடத்தினர். பார்த்தவர்களுள் ஒருவர் பதினெட்டு வயது இளைஞர் சம்பந்தம். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் இருந்தவர்; வீட்டிலே நூல்களுக்குக் குறைவில்லை. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அந்த இளைஞருக்கு வெறுப்பு. தெருக்கூத்தையும் தொழில்முறைக் குழுக்களின் ஆட்டத்தையும் அவர் மதித்ததில்லை. ஷேக்ஸ்பியர் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று எண்ணியிருந்தவர். பல்லாரியாரின் ஆட்டத்தைக் கண்டதும் அந்த எண்ணம் தலைகீழாயிற்று. இதைப் பிற்காலத்தில் 'நாடக மேடை நினைவுகள்' என்ற தம் நூலில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அவரைக் கவர்ந்தது தெலுங்கு வசனத்தின் அழகு மட்டுமன்று. கற்றவர்கள், வக்கீல்கள், அலுவலர்கள் வேடம் கட்டி நிற்கின்றனர். அவர்களை யாரும் இகழவில்லை. அப்படியானால் தமிழிலும் இது இயலாதா? இந்தக் கேள்விதான் விதை. 1891 சூலை 1-ஆம் நாள் நண்பர் சிலரோடு கூடிச் சுகுண விலாஸ சபையைத் தொடங்கினார். 'சரச விநோதினி' என்ற பெயருக்கும் 'சுகுண விலாஸ' என்ற பெயருக்கும் உள்ள ஓசை ஒற்றுமையைக் காதால் கேட்டாலே உறவு விளங்கும். 1893-ல் அவருடைய 'புஷ்பவல்லி' மேடையேறிற்று. 1895-ல் 'மனோஹரா' வந்தது. அது எத்தனையோ மேடைகளைக் கண்டு, 1954-ல் கலைஞர் கருணாநிதியின் வசனத்தோடும் சிவாஜி கணேசனின் நடிப்போடும் திரைப்படமாகி, நாடகக் கொட்டகை வாசலையே மிதிக்காதவர்களையும் எட்டிற்று.

சபை வளர்ந்தது. சி. பி. ராமசாமி ஐயர், சத்தியமூர்த்தி போன்றோர் அதன் உறுப்பினர்களாயினர். வி. வி. ஸ்ரீநிவாச ஐயங்கார் போன்ற பெரிய வக்கீல்கள் முன்னின்று உழைத்தனர். சம்பந்த முதலியாரும் வக்கீலாகிப் பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியானார். பல்லாரியில் தொடங்கிய வக்கீல் மரபு சென்னையில் அப்படியே தொடர்ந்ததைக் காண்கிறோம். இதைவிட முக்கியமாக நாம் கருதுவது வேறொன்று: சுகுண விலாஸ சபை தமிழ்ச் சபையாக மட்டும் நின்றுவிடவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வடமொழியிலும் அங்கே நாடகங்கள் நடந்தன. தெலுங்கு பேசும் விருந்தினரால் கண் திறந்த சபை, தன் மேடையில் தெலுங்குக்கு இடம் மறுக்காதது இயல்புதானே!

ஆயினும், பல்லாரியிலிருந்து வந்த 'கௌரவம்' என்ற பண்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. படித்தவர்களின் சபைகள் பெருகப் பெருக, தொழில்முறைக் கலைஞர்கள் இரண்டாந்தரத்தாராக எண்ணப்பட்டனர். நாடகத்தையே உயிர்மூச்சாகக் கொண்டு, பாட்டும் வசனமுமாக எழுதிக் குவித்து, பாய்ஸ் கம்பெனிகளில் தலைமுறை தலைமுறையாக நடிகர்களை உருவாக்கிய சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அக்காலப் படித்த வகுப்பார் தந்த இடம் என்ன? மிகச் சிறிது. 1922-ல் அவர் மறைந்தார். பிற்காலத்துத் தமிழ் மேடைக்கும் திரைக்கும் கிடைத்த பெருநடிகர்களில் பலர் கம்பெனிகளில் பயின்றவர்களேயன்றி, வக்கீல்களின் சபையில் பயின்றவர்கள் அல்லர். அமெச்சூர் சபைகள் நாடகத்திற்கு மதிப்புத் தேடித் தந்தன. அந்த மதிப்பு நடிகனுக்கு உடனே போய்ச் சேரவில்லை.

பெண்களின் நிலை இன்னும் குறிப்பிடத்தக்கது. கௌரவமான சபை என்றால் அதில் பெண்கள் நடிக்கலாகாது என்பது எழுதாச் சட்டம். பெண் வேடத்தை ஆண்களே தாங்கினர். சுகுண விலாஸ சபையில் ரங்கவடிவேலு முதலியார் கதாநாயகியாகவும் சம்பந்த முதலியார் கதாநாயகனாகவும் நின்ற நாடகங்களைக் கண்டவர்கள் வாய்விட்டுப் புகழ்ந்தனர். அந்தக் கலைத்திறனை நாமும் வணங்குகிறோம். எனினும், வழக்கத்தை எதிர்த்துக் குரல் எழும்பியது மறுபடியும் பல்லாரியிலிருந்துதான்.

குரல் கொடுத்தவர் தாடிபத்திரி ராகவாச்சாரியார்; உலகம் அறிந்த பெயர் பல்லாரி ராகவா. 1880-ல் பிறந்த இவருக்குக் கிருஷ்ணமாச்சாரியார் தாய்மாமன். மாமனிடம் நாடகப் பித்தைப் பெற்றார். ஆனால் புகழ் பெற்றுத் தந்த வேடங்களுள் ஒன்று மாமனின் போட்டிச் சபையைச் சேர்ந்த ஸ்ரீநிவாச ராவின் நாடகத்தில் வரும் பட்டாணி ருஸ்தும். இரண்டு சபைகளின் போட்டியும் ஒரு மனிதரிடத்தில் வந்து சமாதானமாயிற்று எனலாம். இவரும் வக்கீல்தான்! அரசாங்க வழக்கறிஞராகவும் இருந்தார். இரணியன், துரியோதனன், சாணக்கியன், கபீர், ஒதெல்லோ, ஷைலக் என்று இவர் தாங்காத வேடம் சிலவே. தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நடித்தார். பெங்களூரில் அமெச்சூர் டிராமாடிக் அசோசியேஷன் மேடையிலும் கன்னட நாடகத்திற்குத் துணை நின்றார். 1927-ல் காந்தியடிகள் உடல் நலிந்து மைசூர்ச் சீமையில் ஓய்வு கொண்டிருந்தபோது இவருடைய கபீர் நாடகத்தைக் கண்டார். அதன் பின்னர் இவர் இங்கிலாந்து சென்று பெர்னார்ட் ஷாவையும் சந்தித்துத் திரும்பினார்.

ராகவா நடிப்பிலே கொண்டுவந்த மாறுதல் முக்கியமானது. அக்காலத்தில் எந்த வேடமாயினும் நடுவிலே நின்று பத்தியம் பாடியாக வேண்டும். இரங்கற்பாட்டிலும் கைதட்டலுக்கு இடம் விட்டுத்தான் சாகவேண்டும். ராகவா பாட்டைக் குறைத்தார். பேச்சைப் பேச்சாகவே பேசினார். பெண் வேடத்தைப் பெண்களே தாங்க வேண்டும், அதுவும் கற்ற குடும்பத்துப் பெண்கள் முன்வர வேண்டும் என்று வற்புறுத்தினார். சொன்னதோடு நில்லாமல் கொம்மூரி பத்மாவதி தேவி போன்றோரைத் தம்முடன் மேடையில் நடிக்கச் செய்தார். 'திரௌபதி மானசம்ரக்ஷணம்', 'ரைத்து பிட்ட', 'சண்டிகா' எனச் சில திரைப்படங்களிலும் நடித்தார். 1936-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட அந்தப் படங்கள் அவருடைய ஆற்றலுக்கு முழு அளவுகோல் ஆகா. மேடையின் குரலைப் படச்சுருளில் அடக்குவது அப்போது எளிதன்று. 1946-ல் அவர் காலமானார்.

கிருஷ்ணமாச்சாரியார் 1912-லும் ஸ்ரீநிவாச ராவ் 1919-லும் முன்பே மறைந்திருந்தனர். ராகவாவும் போன பிறகு ஊருக்கே ஒரு சோதனை வந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது பல்லாரி யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் ஆகிய மூன்று தாலுகாக்கள் ஆந்திரத்துக்குப் போயின. பல்லாரி நகரம் இருந்த தாலுகாவைப் பற்றிய பூசல் தீரவில்லை. நீதிபதி மிஸ்ராவின் விசாரணைக்குப் பின் அது மைசூருடன் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 முதல் தெலுங்கு நாடகத்தின் பிறந்தகங்களில் ஒன்று கன்னட நாட்டின் ஊராயிற்று. எல்லைக்கோடு வரைந்தவர்களை நாம் குறைகூறவில்லை. வீதியில் வழங்கிய மொழி பெரும்பாலும் கன்னடமே. ஆனால் வரலாறு எழுதுவோருக்கு இது ஒரு சிக்கலை உண்டாக்கிற்று. தெலுங்கர் தம் நாடக வரலாற்றில் பல்லாரியைப் போற்றுகின்றனர். ஊர் அவர்களிடம் இல்லை. கன்னடர் கையில் ஊர் இருக்கிறது; அச்சபைகளின் நாடகங்களில் பெரும்பகுதி அவர்கள் மொழியில் இல்லை. தமிழருக்கோ ஊரும் இல்லை, நூலும் இல்லை. ஒரு கடன் மட்டும் இருக்கிறது.

நம் நாடக வரலாறுகளில் அந்தக் கடன் ஒரு வாக்கியத்தில் தீர்க்கப்பட்டுவிடுகிறது. பல்லாரியிலிருந்து ஒரு குழு வந்தது, சம்பந்த முதலியார் பார்த்தார் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். குழுவின் பெயர்கூடச் சில சமயம் இராது. வழிப்போக்கர்கள் தற்செயலாக வந்து விளக்கேற்றிவிட்டுப் போனதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. உண்மையில் அவர்கள் ஐந்தாண்டு உழைத்து, தமக்கென ஒரு நாடக நெறியை வகுத்துக்கொண்டு, சொந்தச் செலவில் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறி மாகாணத் தலைநகருக்கு வந்தவர்கள். பிறமொழி வழங்கும் ஊரில் தம் மொழிக்கு மேடை கட்டிய அவர்களை, பிறமொழி வழங்கும் ஊரில் சங்கம் வைத்திருக்கும் நாம் அறியாவிடில் வேறு யார் அறியப் போகிறார்கள்?

பல்லாரி தன் நாடகக்காரர்களைக் கைவிட்டுவிடவில்லை. ஊரையடுத்த ஜோளதராசி என்னும் சிற்றூரில் பிறந்த தொட்டனகௌடர் ராகவாவிடம் பயின்றவர். கன்னடத்தில் நாடகங்கள் எழுதி, நடித்து, ராகவாவின் நினைவைக் கன்னட மக்களிடையே நிலைபெறச் செய்தார். தெலுங்கு மேடையின் பெருநடிகருக்குக் கன்னட விவசாயக் குடும்பத்தவர் ஒருவர் வாரிசானார் என்பது பல்லாரிக்கே உரிய செய்தி. ராகவாவின் பெயரால் நகரில் ஒரு கலாமந்திர் அமைந்தது. பிற்காலத்தில் தொட்டனகௌடரின் பெயராலும் ஒரு ரங்கமந்திர் எழுந்தது. 1981-ல் இந்திய அஞ்சல் துறை ராகவாவின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. 2014-ல் ஊரின் பெயர் ஆங்கில எழுத்திலும் 'பள்ளாரி' என்ற கன்னட ஒலிப்புக்கேற்ப மாற்றப்பட்டது.

சம்பந்த முதலியார் 1959-ல் பத்மபூஷண் விருது பெற்று, தொண்ணூறு வயதைக் கடந்து 1964-ல் மறைந்தார். அவர் நிறுவிய சபை நாளடைவில் மௌண்ட் ரோட்டில் மனமகிழ் மன்றமாக மாறி, நாடகத்தைவிடச் சீட்டாட்டத்துக்குப் பெயர் பெற்றது. 'நாடக மேடை நினைவுகள்' மட்டும் நூலகங்களில் கிடைக்கிறது. அதன் தொடக்கப் பக்கங்களில் பல்லாரியார் இன்னும் விக்டோரியா ஹாலில் நடித்துக்கொண்டிருக்கிறார்கள்.